தடத்தில் பன்னிரண்டு அடி

தோப்புச் சாளை,
உடுமலைப்பேட்டை அருகில்,
23.8.1994

திரு. யாகூப் அவர்களுக்கு,

ராசப்பன் எழுதுவது. நாம் பேசிப் பத்து மாதமாகிறது. குழப்பம் வராமலிருக்கச் சொல்ல வந்ததை முதலிலேயே வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. நம் இரண்டு தோப்புக்கும் பொதுவான வண்டித் தடத்தில் யார் பங்கு எது என்பது.
2. தடத்தின் நடுவிலுள்ள பள்ளம்.
3. அந்தப் பள்ளம் உங்கள் பங்கைச் சேர்ந்தது என்பது.
4. அதை யாரோ நிரப்புகிறார்கள் என்பது.
5. ஒரு வேண்டுகோள்.

முதலாவது. 1961இல் நாம் அடுத்தடுத்து நிலம் வாங்கியபோது இந்த ஆயிரத்து இருநூறு அடித் தடத்தைச் சரிபாதியாகப் பார்த்துக்கொள்வதென்று எழுதிக் கையெழுத்திட்டோம். ஊர் ரோட்டிலிருந்து முதல் அறுநூறு அடி எனக்கு. அங்கிருந்து நம் வீடுகள் வரை உங்களுக்கு. அளந்தவன் நான். பள்ளிக்கூடத்தில் கழித்துப் போட்ட ஐம்பதடி நாடாவைப் பன்னிரண்டு முறை வைத்து அளந்தேன். நாடாவின் தலையை என் மனைவி பழனியாத்தாள் பிடித்துக்கொள்ள, நான் வாலைப் பிடித்துப் படித்தேன். முடிந்த இடத்தில் கல் நட்டு, "ஓர் அங்குலம் பிசகாது" என்று உங்களிடம் சொன்னேன். சென்ற மாதமும் அதே நாடாவால் உங்கள் தோப்பு ஆள் அப்புசாமியைத் தலை பிடிக்கச் சொல்லி இரண்டு முறை அளந்து பார்த்தேன். கல் இருக்கும் இடம் சரிதான்.

இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றாகவே வருகின்றன. மழைத்தண்ணீர் தடத்தை அறுத்துக்கொண்டு போகும் பள்ளம் கல்லுக்கு அடுத்துத் தொடங்குகிறது. அகலம் பன்னிரண்டு அடி. ஆகவே அது உங்களுடையது. தடத்தில் எந்தத் துண்டில் ஒருவன் ஒரு கூடை மண் போடுகிறானோ அந்தத் துண்டு என்றைக்கும் அவன் பொறுப்பு என்ற நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். அதனால் நான் அங்கே ஒரு பிடி மண் போட்டதில்லை. முப்பத்திரண்டு வருஷம் நீங்கள் ஒழுங்காக நிரப்பி வந்தீர்கள். போன ஐப்பசியில்தான் நிரப்பவில்லை. பழனியாத்தாளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிய ஜீப் அதில் முக்கால் மணி நேரம் நின்றது. அதற்குமேல் நடந்தது உங்களுக்கே தெரியும்.

நான்காவதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். இம்மாதம் 7, 14, 21 ஆகிய மூன்று ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடிந்து போய்ப் பார்த்தால் பள்ளத்தில் புதுச் செம்மண். கீழே தேங்காய் மட்டை அடுக்கி, மேலே மண் கொட்டி, கையால் தட்டியிருக்கிறது. ஒவ்வொரு கூடையும் தனித்தனிக் குவியலாக இருப்பதால் எண்ண முடிகிறது. ஏழு, ஏழு, ஆறு. அந்தப் பள்ளத்துக்கு ஐம்பது கூடையாவது வேண்டும். அடுத்த வாரத்துக்குள் சாரல் அரித்துவிடுகிறது. மறுபடி ஞாயிற்றுக்கிழமை மண் விழுகிறது. காலடித் தடம் மட்டும் இல்லை. என் கண் பழுதாகவும் இருக்கலாம். அப்புசாமியையும் கூட்டிப் போய்க் காட்டினேன். அவனுக்கும் தெரியவில்லை.

ஐந்தாவது, வேண்டுகோள். ஆள் வைத்து நிரப்புவது நீங்கள்தான் என்றால் ஒரு வரி எழுதுங்கள். நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

இப்படிக்கு,
ச. ராசப்பன்


கோட்டைமேடு,
கோயமுத்தூர்,
29.8.1994

வாத்தியார் அவர்களுக்கு,

யாகூப் எழுதிக்கொள்வது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுத எனக்கு வராது. தப்பிருந்தால் சிவப்பு மசியில் திருத்தித் திருப்பி அனுப்புங்கள்.

நான் ஆள் வைக்கவில்லை. தோப்பைப் பார்த்துக்கொள்கிற அப்புசாமி வெள்ளிக்கிழமை காய் கொண்டுவந்தபோது கேட்டேன். "நானுங்களா? என்ற ஊட்டு வாசல்ல கெடக்கற குழிய மூடவே எனக்கு நேரமில்லீங்க பாய்" என்றான். அவன் சோம்பேறித்தனத்தை நான் எப்போதும் நம்புவேன்.

இன்னொன்றும் கேளுங்கள். முப்பத்திரண்டு வருஷமாக நான் நிரப்பினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அல்லா அறிய, அந்தப் பள்ளத்தில் நான் ஒரு கூடை மண் போட்டதில்லை. நாங்கள் சனிக்கிழமை தோப்புக்கு வந்து ஞாயிறு சாயங்காலம் திரும்புவோம். வரும்போதெல்லாம் பள்ளம் மூடியிருக்கும். பெருந்தன்மையாக நீங்கள்தான் செய்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியே சொன்னால் பங்கு மாறிவிடும் என்று நீங்களும் வாயைத் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை என்று எண்ணினேன். போன ஐப்பசியில் உங்களுக்கு முடியவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் துக்கம் விசாரிக்க வந்தவனை, பத்துப் பேர் நடுவில், "உங்க பள்ளந்தான் இவளைக் கொன்னுபோட்டுது பாய்" என்றீர்கள். ஆட்டுக்குட்டியிடம்கூட அதட்டிப் பேசாத மனுஷன் நீங்கள். அதனால்தான் அது எனக்கு ஆறவில்லை.

இப்போது என் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். என் மனைவி குல்சுமுக்கு ஆனி மாதம் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. கட்டிலைவிட்டு இறங்க முடியாது. பேச்சு ஒன்றிரண்டு வார்த்தைதான் வருகிறது. அதிலும் பாதி "தோப்புக்குப் போலாம்" என்பதுதான். குலுங்காமல் கொண்டுபோவதானால் போகலாம், மழைக்கு முன்னால் போங்கள் என்கிறார் டாக்டர். மருமகள் நிதா துணிமணிகூடக் கட்டிவைத்துவிட்டாள். நான்தான் தள்ளிப்போடுகிறேன். ஒருத்தியை வாங்கிய பள்ளத்தைத் தாண்டி இன்னொருத்தியை எப்படி ஏற்றிக்கொண்டு வருவேன்?

யாகூப்


தோப்புச் சாளை,
5.9.1994

அன்புள்ள யாகூப் அவர்களுக்கு,

குல்சும் அம்மாளின் உடல்நிலை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அப்படியொரு கடிதம் எழுதியிருக்க மாட்டேன். எழுதியிருப்பேனோ என்னவோ, என்னைப் பற்றி இப்போதெல்லாம் எனக்கு உறுதியில்லை.

28ஆம் தேதி ஐந்து கூடை. நேற்றும் ஐந்து.

நேற்று விடியும்போது கல்லின்மேல் போய் உட்கார்ந்திருந்தேன். பயமாகத்தான் இருந்தது. நன்றாக வெளிச்சம் வரும்வரை பள்ளம் வெறுமையாக இருந்தது. தார் ரோட்டில் பால் வண்டி போன சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். ஒரு நிமிஷம்கூட இராது. எனக்குப் பின்னால் ஈரமண்ணைத் தட்டும் சத்தம் கேட்டது. தப், தப் என்று நிதானமாக, தோசைக்கல்லில் அடை தட்டுவதுபோல. திரும்பினேன். ஐந்து குவியல். கடைசிக் குவியலின் ஓரத்திலிருந்து மண் இன்னும் சரிந்துகொண்டிருந்தது. தடத்துப் புல்லில் பனி அப்படியே இருந்தது. அதில் என் கால்கள் வந்த கோடு ஒன்றுதான்.

உங்களிடம் மறைத்த ஒன்றைச் சொல்கிறேன். எல்லாரும் மட்டையைக் கிண்ணம்போல நிமிர்த்தி அடுக்குவார்கள். பழனியாத்தாள் கவிழ்த்துத்தான் அடுக்குவாள், முனையெல்லாம் வீட்டைப் பார்த்திருக்கும். மழைக்காலத்தில் மாட்டுக்கொட்டகை வாசலில் அவள் போடுவதைப் பார்த்திருக்கிறேன். பள்ளத்திலும் மட்டைகள் அப்படித்தான் கிடக்கின்றன.

முதல் ஞாயிறன்று அதைக் கண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். பிறகு மண்ணில் பதிந்திருந்த கையைக் கவனித்தேன். சின்னக் கை, பெண்பிள்ளையின் கை. ஆனால் ஐந்து வாரமும் எல்லாத் தட்டும் வலது உள்ளங்கை. அவள் இடக்கைக்காரி. மண் தட்டுவதும் மாவு பிசைவதும் எல்லாம் இடது கையால்தான். ஆகவே அவள் இல்லை. ஆறுதலும் ஏமாற்றமும் சேர்ந்தே வந்தன.

பள்ளத்தை நீங்கள் நிரப்பியதில்லை என்று எழுதியதை நம்புகிறேன். நானும் நிரப்பியதில்லை. அப்படியென்றால் முப்பத்திரண்டு வருஷம் நிரப்பியது யார்?

ச. ராசப்பன்


கோட்டைமேடு,
13.9.1994

வாத்தியாரே,

இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை நிதாவுக்குப் படித்துக் காட்டினேன். எண்கள் வந்த இடத்தில் அவள் என்னை நிறுத்தினாள். "மாமா, மாமி ஞாயித்துக்கிழமை எந்திரிச்சதும் கணக்குச் சொல்றாங்களே, உங்ககிட்டச் சொன்னேனே" என்றாள். சொன்னது உண்மைதான், நான் காதில் வாங்கவில்லை. பக்கவாதக்காரி ஏதோ உளறுகிறாள், மாத்திரையை எண்ணுகிறாள் என்று நினைத்தோம். காலையில் கண் விழித்ததும் "ஏழாச்சு" என்பாளாம். பிறகு ஒரு வாரம் "ஆறுதான்" என்றாளாம். அதற்கு அடுத்த வாரம் "அஞ்சு, மட்டை தீந்துபோச்சு" என்றாளாம். அன்றைக்கு நாள் முழுக்கத் தூங்கினாளாம், ஓடியாடி வேலை செய்தவள் மாதிரி.

வாத்தியாரே, இங்கே நாங்கள் இருப்பது மாடியில். கட்டிலுக்குக் கீழே நிதா படுக்கிறாள். கதவுக்கு உள்தாழ்ப்பாள்.

நான் வியாபாரி. கண்ணால் பார்க்காததை வாங்க மாட்டேன். அதனால் நேற்று முன்தினம், 11ஆம் தேதி ஞாயிறு, ஃபஜர் தொழுதுவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஆறேகால் மணிக்குக் கண் திறந்தாள். என்னைப் பார்த்து ஓர் எண் சொன்னாள். அந்த எண்ணை இந்தக் காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதி, மேலே ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். முதலில் 11ஆம் தேதி உங்கள் எண்ணை எழுதி வையுங்கள். பிறகு கிழித்துப் பாருங்கள்.

அவளுடைய வலது உள்ளங்கையை விரித்துப் பார்த்தேன். ரேகையிலெல்லாம் செம்மண்.

யாகூப்


தோப்புச் சாளை,
16.9.1994

அன்புள்ள யாகூப்,

என் நாட்குறிப்பில் 11ஆம் தேதிக்கு நேராக அன்றே எழுதியது: "காலை 6.20. நாலு கூடை."

தாளைக் கிழித்தேன். நாலு.

ஏழில் தொடங்கி நாலுக்கு வந்திருக்கிறது. இது குறைந்துகொண்டே போகும் வரிசை. எதில் போய் முடியும் என்று கணக்கு வாத்தியாருக்குச் சொல்லத் தேவையில்லை. குல்சும் அம்மாளை ஞாயிற்றுக்கிழமை விடியலில் தூங்கவிடாமல் விழித்திருக்கச் செய்ய முடியுமா? இது மூடத்தனமான யோசனையாக இருந்தால் மன்னிக்கவும்.

ரா.


கோட்டைமேடு,
20.9.1994

வாத்தியாரே,

விழிக்கவைத்துப் பார்த்தோம். நிதா தேநீர் கொடுத்தாள், நான் கதை பேசினேன். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் திறந்தபடி எங்கேயோ போய்விட்டாள். கூப்பிட்டால் கேட்கவில்லை. கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். வெறும் கை. சுத்தமாக இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நகக்கண்ணில் மண் ஏறியது வாத்தியாரே. நான் பார்த்தேன். பிறகு மூச்சு வாங்கினாள். "ரெண்டுதான். கை வரலை" என்றாள்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இதயம் களைத்துப்போயிருக்கிறது, படுத்திருப்பவருக்கு இவ்வளவு களைப்பு எப்படி என்று என்னையே கேட்டார்.

அன்று மத்தியானம் கொஞ்சம் தெளிந்தாள். "எதுக்கும்மா இந்த வேலை?" என்று கேட்டேன். "தடம் இப்படிக் கெடந்தா நான் எப்படிப் போறது? நீங்க ரெண்டு பேரும் போட மாட்டீங்க. அக்காவும் இல்ல" என்றாள். பழனியாத்தா அக்காவும் இவளும் ஞாயிறு விடியலில் கோலம் போடப் போகிறோம், பூப் பறிக்கப் போகிறோம் என்று போவார்களே, நினைவிருக்கிறதா? கோலமும் இல்லை, பூவும் இல்லை. முதலில் அக்கா தனியாகச் செய்துகொண்டிருந்தாராம். இவள் ஒரு நாள் பார்த்துவிட்டுக் கூடச் சேர்ந்துகொண்டாளாம்.

"உங்களுக்கு எதுக்கு இந்தத் தலையெழுத்து, அது யார் பள்ளம்?" என்று கேட்டேன். ஒவ்வொரு வார்த்தையாக அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"சொல்லக் கூடாதுன்னு அக்கா சத்தியம் வாங்கியிருக்கு. நான்தானே சொல்லக் கூடாது? நாடா சொல்லட்டும். வாத்தியார அதோட தலையப் பிரிச்சுப் பாக்கச் சொல்லுங்க."

சொல்லிவிட்டுக் கோணல் வாயோடு சிரித்தாள். ஆனிக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

இதற்கு என்ன அர்த்தமோ எனக்குத் தெரியாது. வேண்டியதும் இல்லை. பள்ளம் என்னுடையதாகவே இருக்கட்டும். எழுதித் தருகிறேன். ஆனால் இவளை விட்டு நான் ஒரு மணி நேரம் நகர முடியாது. அப்புசாமியிடம் சொன்னால் நாலு நாள் யோசிப்பான். நாளை மறுநாள் இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைத்தால், ஞாயிறுக்கு முன் இரண்டு நாள் இருக்கும். ஏனுங்க வாத்தியாரே, நீங்கள் நிரப்புவீர்களா?

யாகூப்


(அஞ்சலட்டை)
22.9.1994

கடிதம் கிடைத்தது. நாடாவைப் பிரித்துப் பார்த்தேன். சனிக்கிழமை நிரப்புகிறேன். அம்மாளிடம் சொல்லுங்கள். மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.
ரா.


கோட்டைமேடு,
26.9.1994

வாத்தியாரே,

நேற்று ஞாயிற்றுக்கிழமை அவள் எதையும் எண்ணவில்லை. ஏழரை மணி வரை வெயில் முகத்தில் அடிக்கத் தூங்கினாள். கையை இரண்டு முறை பார்த்தேன், நிதா ஒரு முறை பார்த்தாள். சுத்தமான கை. எழுந்து, "பசிக்குது" என்றாள். பிறகு, "வாத்தியார் மட்டைய நிமித்திப் போட்டிருப்பாரு. பரவால்ல, அக்கா பாத்துக்கும்" என்றாள். உளறல்தான் என்று வைத்துக்கொள்வோம்.

அக்டோபர் இரண்டாம் தேதி காலையில் மகன் நிஜாமின் வேனில் கூட்டி வருகிறோம். தடம் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள்.

யாகூப்


தோப்புச் சாளை,
28.9.1994

அன்புள்ள யாகூப்,

தடம் நன்றாக இருக்கிறது. தைரியமாகக் கூட்டி வாருங்கள்.

நாடாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் அதைக் கழித்துப் போட்டதே தலைப்பக்கம் பிய்ந்துபோனதால்தான். பழனியாத்தாள் பித்தளை வளையத்தை மறுபடி வைத்துத் தைத்துக் கொடுத்தாள். துணியை மடித்துத் தைத்திருந்ததால் உள்ளே என்ன எண் இருக்கிறது என்று தெரியாது. நான் பார்க்கவும் இல்லை. நான் எப்போதும் வாலைத்தான் படிப்பேன். தலை அவள் கையில் இருக்கும். வியாழக்கிழமை தையலைப் பிரித்தேன். மடிப்புக்குள் "1" என்ற சிவப்பு எண். முதல் ஓர் அடி பிய்ந்து போயிருக்கிறது. முப்பத்து மூன்று வருஷமாக நான் ஐம்பது என்று படித்தது நாற்பத்தொன்பது. பன்னிரண்டு முறை வைத்தால் பன்னிரண்டு அடி குறையும். அறுநூறு அடியில் நட்டதாக நினைத்த கல், ஐந்நூற்று எண்பத்தெட்டில் நிற்கிறது. அதற்கும் அறுநூறுக்கும் நடுவில் பள்ளம்.

அவளுக்கு எப்போது தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு என்னிடம் சொல்லியிருக்கலாம். "ஓர் அங்குலம் பிசகாது" என்று உங்கள் முன்னால் நெஞ்சை நிமிர்த்தியவனிடம் எப்படிச் சொல்வது என்று விட்டிருப்பாள். என் வார்த்தையைத் திருத்துவதைவிட வாராவாரம் மண் சுமப்பது அவளுக்குச் சுலபமாகப் பட்டிருக்கிறது. நான் எப்படிப்பட்ட கணவனாக இருந்திருக்கிறேன் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

போன ஐப்பசியில் அவள் காய்ச்சலோடு மூன்று வாரம் படுத்திருந்தாள். நிஜாம் கல்யாண வேலையில் குல்சும் அம்மாள் தோப்புக்கு வரவில்லை. அதனால் மண் விழவில்லை. ஜீப்பில் என் மடியில் தலை வைத்திருந்தாள். சக்கரம் சேற்றில் சுற்றும்போது ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "பேசாதே, பாய் வந்து பதில் சொல்லட்டும்" என்றேன். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

சனிக்கிழமை அப்புசாமியை அழைத்துக்கொண்டு போனேன். முதல் கூடையை நான் தூக்கியபோது அவன் தடுத்தான். "ஏனுங்க வாத்தியாரே, மண்ணப் போட்டா பங்கு உங்குளுதாயிப் போயிருமுங்களே?"

"ஆகட்டும் அப்புசாமி."

"போட்டது போட்டதுதானுங்க. அப்பறம் நாடாவத் தூக்கிட்டு வந்து அளக்கறேன்னு நிக்கப் படாது."

அறுபத்திரண்டு கூடை. மட்டையை மட்டும் நானே அடுக்கினேன். கவிழ்க்க வேண்டும் என்று தெரிந்தும், குனிந்த அவசரத்தில் ஊரெல்லாம் செய்வதுபோல நிமிர்த்தியே வைத்துவிட்டேன். மேலே மண் விழுந்த பிறகுதான் உறைத்தது. கடைசி வரிசை ஒன்பது மட்டை. அதற்குள் இருட்டிக்கொண்டு வந்ததால் மண் போடாமல் அப்படியே விட்டு வந்தோம்.

ஞாயிறு காலை போனேன். குல்சும் அம்மாள் உங்கள் முன்னால் சுத்தமான கையோடு தூங்கிக்கொண்டிருந்த அதே நேரம். நாங்கள் போட்ட மண் போட்டபடி இருந்தது. கடைசி வரிசையில் ஒன்பது மட்டையும் கவிழ்ந்து கிடந்தன, முனைகள் வீட்டைப் பார்த்து. அவற்றின்மேல் ஒரே ஒரு கூடை மண். தட்டிய கை ஒன்று நன்றாகப் பதிந்திருந்தது. நான் பக்கத்தில் மண்டியிட்டு, தொடாமல், என் கையை அதன்மேல் பிடித்துப் பார்த்தேன். என் வலது கை பொருந்தவில்லை. இடது கையைப் பிடித்தேன்.

அதைப் பற்றி உங்களுக்கு எந்த விளக்கமும் எழுதப்போவதில்லை. மழை வந்து கரைக்கும்வரை அந்த ஓர் அடியை மட்டும் வேன் சக்கரம் படாமல் ஓரமாக ஓட்டச் சொல்லுங்கள்.

ஆகஸ்டு மாதக் கடிதத்தில் ஐந்து விஷயங்கள் எழுதியிருந்தேன். அதில் மூன்றாவது தவறு. பள்ளம் என்னுடையது. அன்றைக்குப் பத்துப் பேர் நடுவில் உங்களைப் பார்த்துச் சொன்னதை, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்ததும், அதே வாசலில், என்னைப் பார்த்துச் சொல்லிக்கொள்கிறேன்.

ராசப்பன்